ஜெனிஃபர் ஜோன்ஸின் கடைசி இறுதியாட்டம்: எந்த இருக்கை வாங்கலாம், எதற்காக வாங்கலாம்

கர்லிங் என்பது பனித்தளத்தில் கருங்கல்லைச் சறுக்கவிட்டு, மறுமுனையில் வரைந்த வளையங்களின் நடுவை நோக்கி அனுப்பும் ஆட்டம். கனடாவின் தேசிய மகளிர் கர்லிங் போட்டியான ஸ்காட்டிஸுக்கு டிக்கெட் வாங்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று: பக்கவாட்டு இருக்கை வேண்டாம். பனித்தளத்தின் முனையில், வளையங்களுக்குப் பின்னால், கொஞ்சம் உயரமான வரிசையில் இடம் பாருங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இருபது கிலோ கருங்கல் நம்மைக் கடந்து போகிறது, அவ்வளவுதான். முனையில் உட்கார்ந்தால்தான் அது வளைந்து வருவது கண்ணுக்குப் படும். ஆட்டத்தின் உயிர் அந்த வளைவில் இருக்கிறது.

2024 பிப்ரவரியில் கால்கரியின் வின்ஸ்போர்ட் அரங்கில் நடந்த ஸ்காட்டிஸ் போட்டிக்கு நான் போனதே ஜெனிஃபர் ஜோன்ஸுக்காக. நால்வர் அணி ஆட்டத்தில் இதுவே தன் கடைசிப் பருவம் என்று அவர் முன்கூட்டியே அறிவித்திருந்தார். வின்னிபெக்கில் பிறந்த வழக்கறிஞர். 2005, 2008, 2009, 2010, 2015, 2018 என ஆறு தேசியப் பட்டங்கள். அணித்தலைவியாக ஆறு முறை வென்ற இன்னொருவர் காலீன் ஜோன்ஸ். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஜெனிஃபரின் அணி பதினொரு ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் தங்கம் வென்றது. அதற்குச் சுமார் பதினைந்து மாதங்களுக்கு முன்புதான் அவருக்கு முதல் குழந்தை பிறந்திருந்தது. குழந்தை பிறந்த ஆண்டிலேயே முழங்கால் அறுவை சிகிச்சையும் நடந்திருந்தது. பதக்கத்தைவிட அந்தப் பதினைந்து மாதங்களைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

இறுதியாட்டம் ஞாயிறு மாலை. அதே நாள் அரையிறுதியில் கேட் கேமரூனின் மானிட்டோபா அணியை வென்றுவிட்டு வந்திருந்தார் ஜோன்ஸ். எதிரணியின் தலைவி ரேச்சல் ஹோமன். அந்த வாரம் முழுக்கத் தோல்வியே காணாதவர். ஜோன்ஸுக்கு வயது 49. உடன் ஆடிய மூவரும் இருபதுகளில் இருப்பவர்கள், 2020இல் உலக ஜூனியர் பட்டம் வென்ற அணியின் பெண்கள்.

தொலைக்காட்சியில் கிடைக்காத ஒன்றை முனை இருக்கை எனக்குக் கொடுத்தது. ஒவ்வொரு கல்லுக்கும் முன் ஜோன்ஸ் வளையங்களைச் சுற்றி வருகிறார், குனிகிறார், ஒரு கல்லின் விளிம்பிலிருந்து அடுத்த கல்லை உற்றுப் பார்க்கிறார், பிறகுதான் துடைப்பத்தை ஓரிடத்தில் ஊன்றுகிறார். 2005இல் செயின்ட் ஜான்ஸ் நகரில் அவர் முதல் பட்டத்தை வென்ற கல்லைப் பலரும் அதிர்ஷ்டம் என்பார்கள். கடைசிச் சுற்றில் 4-6 எனப் பின்தங்கியிருந்தார். வளையத்துக்கு வெளியே கிடந்த கல்லில் மோதி, அங்கிருந்து திரும்பி உள்ளே பாய்ந்து, எதிரணியான ஒன்டாரியோவின் கல்லை வெளியே தள்ளி, ஒரே கல்லில் நான்கு புள்ளிகள், 8-6. அவர் கோணம் பார்க்கும் விதத்தை நேரில் கண்டபின் அதிர்ஷ்டம் என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படியொரு வழி அங்கே இருப்பது முதலில் கண்ணில் பட்டிருக்க வேண்டுமே!

ஒலியும் நேரில்தான். நீர்த்துளி தெளித்துப் பொரிபொரியாக உறையவைத்த பனியின் மேல் கல் உரசிக்கொண்டு வரும் ஓசை, துடைப்பவர்களின் மூச்சு, அந்த முனையிலிருந்து ஜோன்ஸ் எழுப்பும் கத்தல். ஆனால் ஆட்டக்காரிகள் தங்களுக்குள் கலந்து பேசுவது அரங்கில் காதில் விழாது. அதற்கு அவர்களின் ஒலிவாங்கியோடு வரும் நேரலைதான் வழி. ஆகவே முதன்முறை போகிறவர்கள் பழைய இறுதியாட்டம் ஒன்றையாவது வீட்டில் முழுதாகப் பார்த்துவிட்டுப் போங்கள். ஏன் துடைக்கிறார்கள் (துடைத்தால் கல் அதிக தூரம் போகும், வளைவு குறையும்), கடைசிக் கல் யார் கையில் இருக்கிறது என்பதற்கு ஏன் இத்தனை மதிப்பு என்பதையெல்லாம் அங்கே யாரும் சொல்லித் தருவதில்லை. புதியவர்களுக்கு ஒரு பக்கத் துண்டறிக்கையாவது கொடுத்திருக்கலாம்.

குளிர் உண்டு; தடித்த காலுறையும் மடியில் போட ஒரு போர்வையும் அவசியம். காபிக் கடை வரிசை நீளமானது. ஐந்தாம் சுற்று முடிந்து வரும் இடைவேளையில் எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே குவிகிறார்கள். பிளாஸ்கில் கொண்டுபோக விடுவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹோமன் 5, ஜோன்ஸ் 4. தோல்வி எனக்கு வலித்தது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் கடைசிச் சுற்று வரை முடிவு தெரியாத இறுதியாட்டத்தை, தன் வயதில் பாதியே ஆன பெண்களோடு சேர்ந்து அவர் ஆடிக் காட்டினார். கைகுலுக்கல் முடிந்ததும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

கொடுத்த பணத்துக்கு முழு மதிப்பு. ஆனாலும் இறுதியாட்டத்துக்கு மட்டும் போவது போதாது என்பேன். வார நாள் முற்பகல் ஆட்டவேளைகளில் நான்கு தளங்களிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கிறது, கூட்டமும் குறைவு. மாகாணப் பட்டம் வென்று வந்த, நாம் பெயரே கேட்டிராத அணித்தலைவிகளை நிதானமாகப் பார்க்கலாம். 2025 போட்டி தண்டர் பேயில் நடந்தது. அடுத்த முறை போகும்போது நான் வார நாள் டிக்கெட்டுகளையே வாங்கப் போகிறேன், முனை வரிசையில்.