பரணில் கிடந்த மடிக்கணினியில் ஆன்டிஎக்ஸ் லினக்ஸ்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த, 2 ஜிபி ரேமும் சுழலும் ஹார்டு டிஸ்க்கும் கொண்ட மடிக்கணினி, விண்டோஸ் 10-இல் பிரவுசர் திறப்பதற்குள் ஒரு காப்பியைக் குடித்து முடித்துவிடலாம் என்ற நிலையில் இருந்தது. அந்த விண்டோஸுக்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டதால், டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை அடித்தளமாகக் கொண்ட, எடை குறைந்த ஆன்டிஎக்ஸை நிறுவினேன்.

நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்க முடிவது பெரிய வசதி. அப்படிப் பார்த்தபோதுதான் வைஃபை அடம்பிடிப்பது தெரிந்தது. கைபேசியைக் கேபிளால் இணைத்து இணையம் பெற்று, வைஃபை வன்பொருள் இயங்கத் தேவையான ஃபர்ம்வேர் என்னும் மென்பொருளை இறக்கிய பிறகே அது வழிக்கு வந்தது. கனமான டெஸ்க்டாப்புக்குப் பதிலாக ஐஸ்டபிள்யூஎம் என்னும் எளிய சாளர மேலாளரைப் பயன்படுத்துவதால், கணினி தொடங்கியதும் 300 எம்பிக்கும் குறைவான ரேமே செலவாகிறது, மிச்சமெல்லாம் ஃபயர்பாக்ஸுக்கு. செய்தித்தளம், மின்னஞ்சல் என நான்கு டேப்கள் வரை திணறவில்லை. ஐந்தாவதில் யூடியூப் ஓடினால் ஹார்டு டிஸ்க் கரகரக்கத் தொடங்கிவிடுகிறது. வீடியோ தரத்தை 480பி-க்குக் குறைத்தால் சமாளிக்கிறது. ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகைத் தட்டச்சும் கிடைத்தது.

தோற்றத்தில் அழகு கிடையாது. “இது என்ன, ரயில்வே ஸ்டேஷன் கம்ப்யூட்டர் மாதிரில்லா இருக்கு!” என்றார் அத்தை. 4 ஜிபி ரேம் உள்ளவர்கள், பார்வைக்கும் பழகுவதற்கும் இனிய லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ (எடை குறைந்த டெஸ்க்டாப்) பதிப்பையே தேர்ந்தெடுக்கலாம்.