கல்யாண வேலை: சொந்தங்களுக்கா, ஏற்பாட்டாளருக்கா?

கொழும்பில் இப்போது மண்டபம், சாப்பாடு, மணவறை எல்லாவற்றையும் ஒரே ஏற்பாட்டாளரிடம் விட்டுவிடலாம். சமையலுக்கும் சோடனைக்கும் அது சரி. காலி வீதி (Galle Road) நெரிசலில் பூமாலைக்காக மச்சானை அலைக்கழிக்க வேண்டாம்.

ஆனால் வாசலில் நிறைகுடத்தருகே பன்னீர்ச்செம்போடு நிற்பது சித்தியாகத்தான் இருக்க வேண்டும். வருபவர் யார் வீட்டு ஆள் என்று அவருக்குத்தான் தெரியும். மணமகளின் கூறைச்சேலை வைத்த தட்டைச் சபைக்குக் கொண்டுபோய் ஆசி வாங்குவதும் அப்படித்தான். தட்டைத் தொட்டு வாழ்த்தும் பெரியவர்கள், அதை ஏந்தி நிற்பவரையும் நிமிர்ந்து பார்த்து நலம் விசாரிப்பார்கள்.

எங்கள் தங்கையின் கல்யாணத்தில் ஐயர், வாகனம், மொய் எல்லாவற்றையும் அண்ணன் ஒருவர் தலையிலேயே கட்டிவிட்டோம். அவர் பந்தியில் உட்காரவே இல்லை, இன்றும் உறுத்துகிறது. ஆளுக்கு ஒரு வேலை போதும். தாலிப்பெட்டியை வைத்திருப்பவருக்கு வேறு எதுவுமே கொடுக்காதீர்கள்.