ஃப்ளை மூவ் ரிவியூ: ரெண்டு டர்ன் தின்னாலும் என் டீம்ல இதுக்கு ஒரு இடம் உண்டு

போக்கிமான் வீடியோ கேம் ஆடுற யார்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க, ஃப்ளையிங் டைப்ல நல்ல அட்டாக் எதுன்னு. பிரேவ் பேர்டுன்னு ஒருத்தர் சொல்வாரு, ஹரிகேன்னு இன்னொருத்தர் சொல்வாரு, ஃப்ளைன்னு சொன்ன ஆள நான் இதுவரைக்கும் பாக்கல. அவங்க சொல்றது தப்பும் கிடையாது. முதல் டர்ன்ல பறவை மேல ஏறும், அடுத்த டர்ன்ல இறங்கி அடிக்கும், ஃப்ளைன்னா அவ்ளோதான். 1996ல ஜப்பான்ல முதல் கேம் வந்தப்போ இதோட பவர் 70, அக்யூரசி 95, பிபி (எத்தன வாட்டி போடலாம்ங்கிறது) 15. அப்புறம் 2006ல டைமண்டும் பேர்லும் வந்தப்போ பவர 90 ஆக்கினாங்க. 90ன்னு பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ரெண்டு டர்னுக்குப் பிரிச்சா டர்னுக்கு 45தானே வருது, அந்த ரெண்டு டர்ன்ல பவர் 60 உள்ள ஏரியல் ஏஸ ரெண்டு வாட்டி போட்டா 120 ஆச்சு, அதுவும் குறி தப்பவே தப்பாது. பிரேவ் பேர்ட் ஒவ்வொரு அடியும் 120, அதுல விழுந்த அடியில மூணுல ஒரு பங்கு நம்ம பறவைக்கே திரும்பி வரும், அது வேற கத.

கணக்கு இவ்ளோ தெளிவா இருந்தும் நான் ஆடின எல்லா பழைய கேம்லயும் ஒரு பறவைக்காவது ஃப்ளை கத்துக் குடுத்துதான் வச்சிருக்கேன். இப்ப இத எழுத உக்காந்ததுக்குக் காரணம் எங்க அக்கா பையன். என்னோட பழைய கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பில முதல் கேமோட ரீமேக்கான ஃபயர்ரெட் ஆடிட்டு இருக்கான், போன வாரம் வந்து "மாமா, பிட்ஜியாட்டோவுக்கு இந்த ஃப்ளை வேஸ்ட்டு மாமா, எப்படி அழிக்கிறது?"ன்னு கேட்டான். ஹெச்எம் மூவ (சண்டைக்கு வெளியயும் வேல செய்யுற மூவ) சாதாரணமா அழிக்க முடியாது, ஃபுயூஷியா சிட்டில மூவ் டிலீட்டர்னு ஒரு பெரியவர் இருப்பாரு, அவர்கிட்டதான் போகணும்னு சொன்னேன். "போறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி எரிக்கா கூட இத வச்சு ஆடிப் பாருடா"ன்னும் சொன்னேன்.

செலடான் ஜிம் லீடர், அதாவது அந்த ஊர்ல நாம ஜெயிக்க வேண்டிய ஆளு, எரிக்காவ ஏன் சொன்னேன்னா, ஃப்ளை கிடைக்கிற இடமே அவங்க ஊருக்குப் பக்கத்துலதான். செலடான் சிட்டிக்கு மேற்கால ரூட் 16, அங்க ஒரு சின்ன மரம் வழிய மறிச்சுக்கிட்டு நிக்கும், கட்டுங்கிற மூவ் போட்டு வெட்டிட்டு உள்ள போனா தனியா ஒரு வீடு. உள்ள ஒரு பொண்ணு, கூட ஒரு ஃபியரோ பறவை. தான் இங்க இருக்குறத யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு சொல்லிட்டு ஹெச்எம்02வ, அதான் ஃப்ளைய, கையில குடுப்பாங்க. கதைல அந்த வீட்டுக்குப் போயே ஆகணும்னு எங்கயும் சொல்ல மாட்டாங்க, போகாமலே கேம முடிச்சவங்க நிறைய பேரு இருப்பாங்க. அத வாங்கிட்டு அப்படியே செலடான் ஜிம்முக்குப் போனா எரிக்காகிட்ட இருக்குறது மூணுமே புல் டைப்பு, விக்ட்ரிபெல், டான்ஜெலா, விலேப்ளூம். ஃப்ளையிங் அடி அதுங்க மேல டபுளா விழும். விலேப்ளூம் ஸ்லீப் பவுடர் தூவும்போது நம்ம பறவை மேல இருந்துச்சுன்னா பவுடர் சும்மா காத்துல போயிரும், அடுத்த டர்ன்ல இது இறங்கி ஒரு இடி. பையன் அத பாத்துட்டு எஸ்பிய தூக்கிட்டு ஓடி வந்தான்.

முதல் தலைமுறையில ஆடினவங்களுக்கு இன்னொரு விஷயமும் ஞாபகம் இருக்கும். ரெட், ப்ளூன்னு வந்த அந்த முதல் கேம்கள்ல விங் அட்டாக்குக்கு பவர் வெறும் 35தான், கஸ்ட் அப்போ நார்மல் டைப்பு. பிட்ஜியாட்டுக்கு உருப்படியான ஃப்ளையிங் அடின்னு தேடினா ஃப்ளை இருக்கு, இல்லன்னா டிஎம்ல (மூவ் கத்துக் குடுக்குற மெஷின்ல) வர்ற ஸ்கை அட்டாக், பவர் 140, ஆனா அதுவும் ரெண்டு டர்ன் எடுக்குற கேஸ்தான், அதுல மேல போய் தப்பிக்கவும் முடியாது. அந்தக் காலத்துல ஃப்ளைய யாரும் கொற சொல்லாததுக்கு இதான் காரணம், அப்புறம் நல்ல நல்ல மூவா வந்து குவிஞ்சதுல இது பின்னாடி போயிருச்சு.

மனுஷன எதிர்த்து ஆடும்போதுதான் பிரச்சன. பறவை மேல ஏறினது எதிராளிக்குத் தெரியும், அடுத்த டர்ன்ல என்ன வரப்போகுதுன்னும் தெரியும், அவரு நிதானமா ஒரு ஸ்டீல் டைப்பையோ ராக் டைப்பையோ மாத்தி இறக்கி விட்டாருன்னா முடிஞ்சுது, நம்ம அடி பாதிதான் விழும். இல்லன்னா அந்த டர்ன் அடியே படாம தடுக்குற ப்ரொடெக்ட் போடுவாரு. மேல இருந்தா பத்திரம்னும் முழுசா நம்ப முடியாது, ரெண்டாவது தலைமுறைல இருந்து தண்டர் வானத்துலயே வந்து அடிக்கும், கஸ்ட்டும் ட்விஸ்டரும் மேல இருக்குற பறவைய ரெண்டு மடங்கா அடிக்கும். பிளாக், ஒயிட் கேம்ல வந்த ஸ்மாக் டவுன் கல்ல விட்டு கீழயே தள்ளிரும். நல்ல பக்கம்னு பாத்தா எதிராளிக்கு டாக்ஸிக் போட்டுட்டு மேல ஏறி உக்காந்துக்கலாம், விஷம் ஒரு டர்ன் கூட ஏறும், மெதுவான ஆளு முதல்ல அடிக்க வைக்குற அவரோட ட்ரிக் ரூம்ல ஒரு டர்ன் கரையும். அட்டாக்கா மட்டும் மார்க் போடச் சொன்னா 10க்கு 5, அதுக்கு மேல ஒரு மார்க் கூட போட மாட்டேன்.

ஆனா ஃப்ளைய அட்டாக்கா மட்டும் பாக்குறது பஸ்ஸ அதோட ஹாரன வச்சு எட போடுற மாதிரி. இதோட நெசமான வேல சண்டைக்கு வெளியதான் இருக்கு. ஏற்கனவே போன ஊருக்கு ஒரே தாவுல போகலாம். ரெட்ல இத வெளிய யூஸ் பண்ண வெர்மிலியன் ஜிம்ல லெஃப்டினன்ட் சர்ஜ ஜெயிச்சு தண்டர் பேட்ஜ் வாங்கியிருக்கணும். அது வரைக்கும் ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்குப் போக புல்லுக்குள்ள நடக்கணும், குகைக்குள்ள ஜூபாட் தொல்லைய தாங்கணும், போஷன் தீந்துருமோன்னு பயந்துகிட்டே போகணும். ஃப்ளை வந்த அடுத்த நிமிஷம் மேப்ப திறந்து ஊர் பேர ஒவ்வொண்ணா மேலயும் கீழயும் தள்ளிப் பாப்போம் பாருங்க, அப்பதான் இவ்ளோ தூரம் நடந்தே வந்துருக்கோம்னு உறைக்கும்.

எனக்கு ரொம்பப் புடிச்சது கோல்ட், சில்வர் கேம்ல வர்ற இடம். ஒலிவைன் சிட்டி லைட்ஹவுஸ் உச்சியில ஆம்ஃபின்னு ஒரு ஆம்ஃபரோஸ், உடம்பு முடியாம படுத்துருக்கும், ஜிம் லீடர் ஜாஸ்மின் ஜிம்ம விட்டுட்டு அது பக்கத்துலயே நிப்பாங்க. மருந்து கடலுக்கு அந்தப் பக்கம் சியான்வுட்ல இருக்கு. ரூட் 40, 41ன்னு சர்ஃப் பண்ணிட்டே போகணும், வழியெல்லாம் நீச்சக்காரங்க மடக்கி மடக்கி சண்டைக்கு இழுப்பாங்க, எங்க திரும்பினாலும் டென்டகூல். ஒரு வழியா சியான்வுட் போய் மருந்த வாங்கி, ஜிம்ல லீடர் சக்ங்கிறவர ஜெயிச்சு ஸ்டார்ம் பேட்ஜ் வாங்கிட்டு வெளிய வந்தா, திரும்ப அந்தக் கடலையே தாண்டணுமேன்னு மனசு சோந்து போயிருக்கும். அப்ப ஜிம் வாசல்ல சக்கோட சம்சாரம் நின்னுகிட்டு ஹெச்எம்02 ஃப்ளைய குடுப்பாங்க. ஸ்டார்ம் பேட்ஜ் இருந்தாத்தான் ஃப்ளை வெளிய வேல செய்யும், அது ஏற்கனவே நம்ம கையில. வாங்கி, கத்துக் குடுத்து, ஒலிவைன்ன செலக்ட் பண்ணினா அடுத்த நொடி லைட்ஹவுஸ் ஊர்ல நிப்போம், பையில மருந்து. நோய்ல கெடக்குற ஒரு ஜீவனுக்கு மருந்த சீக்கிரம் கொண்டு போகணும்ங்கிற தவிப்பும் புதுசா கிடைச்ச றெக்கையும் ஒரே இடத்துல சேந்து வர்ற மாதிரி யாரோ உக்காந்து யோசிச்சு வச்சிருக்காங்க. இந்த சீரிஸ்ல ஒரு மூவ இதவிட அழகா கையில குடுத்த இடம் எனக்குத் தெரியல. ரூபி, சஃபையர்ல மழைல நனைஞ்சுகிட்டே ரூட் 119ல போய் ரைவல்கிட்ட சண்ட போட்டு வாங்குறதும் நல்லாருக்கும், டைமண்ட்ல வெயில்ஸ்டோன் கோடவுன்ல சும்மா கீழ கெடந்து எடுக்குறது எனக்கு அவ்ளோ ஒட்டல.

யாருக்குக் கத்துக் குடுக்கலாம்ங்கிறதுல மட்டும் ஆரம்பத்துல ரொம்ப விசித்திரமா இருந்துச்சு. டோட்ரியோவுக்கு றெக்கையே கண்ணுக்குத் தெரியாது, மூணு தல, ரெண்டு காலு, ஆனா ஃப்ளை கத்துக்கும். முதுகுல ரெண்டு பெரிய றெக்க வச்சிருக்குற சாரிஸார்டுக்கு ரெட், ப்ளூல ஃப்ளை கிடையாது, டிராகனைட்டுக்கும் கிடையாது. எல்லோங்கிற கேம் வந்தப்போதான் சாரிஸார்டுக்குக் குடுத்தாங்க. சார்மாண்டர்ல ஆரம்பிச்சு ஆசையா வளத்தவங்களுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு ஆடினவங்களுக்குத்தான் புரியும்.

மியூங்கிற ரகசிய போக்கிமான் விஷயத்த சொல்லாம விட்டா இந்த ரிவியூ முழுசாகாது. ஜப்பான்ல முதல் கேம செஞ்சு முடிக்கிற நேரத்துல டீபக் ப்ரோக்ராம (தப்பு தேட வச்சிருந்தத) எடுத்ததுல கார்ட்ரிட்ஜ்ல கொஞ்சூண்டு இடம் மிச்சமாச்சு, அதுல ப்ரோக்ராமர் ஷிகெகி மோரிமோட்டோ மியூவ உள்ள வச்சுட்டாரு. ஆட்டத்துக்குள்ள நேர் வழியில அத பிடிக்க வழியே கிடையாது. ஆனா ஃப்ளை இருந்தா முடியும். ரூட் 8ல அண்டர்கிரவுண்ட் பாத் வாசல் பக்கம் ஒரு கேம்ப்ளர் நிப்பாரு, அவரு ஸ்க்ரீன்ல தெரியுற அந்தக் கணத்துலயே ஸ்டார்ட் அமுக்கி செருலியனுக்குப் பறந்துறணும், அவரு நம்மள பாத்துட்டாரு ஆனா சண்ட நடக்கல, கேம் குழம்பிரும். அப்புறம் ரூட் 25ல ஸ்லோபோக் வச்சிருக்குற பையன் தூரத்துல இருந்து நடந்து வந்து சண்ட போடுற மாதிரி நிக்கணும், ஜெயிச்சுட்டு லாவண்டருக்குப் பறந்து ரூட் 8 பக்கம் நடந்தா மெனு தானா திறக்கும், மூடினா லெவல் 7 மியூ நிக்கும். அந்த ஸ்லோபோக்கோட ஸ்பெஷல்ங்கிற திறன் 21, கேமுக்குள்ள மியூவோட நம்பரும் 21, அதான் சூட்சுமம். நான் இத 3டிஎஸ் வர்ச்சுவல் கன்சோல் ரெட்ல பண்ணினேன், ஸ்டார்ட் அமுக்குறதுல நாலஞ்சு வாட்டி தவறிப் போச்சு, கடைசில அந்த மெனு தானா திறந்தப்போ கை நடுங்கிருச்சு.

கொற சொல்லணும்னா ஹெச்எம்ங்கிற முறைய சொல்லணும். நாலு மூவ்தான் இடம், அதுல ஒண்ண ஃப்ளை பிடிச்சுக்கும், நினைச்சா மாத்தவும் முடியாது. இது தொந்தரவுன்னு 2016ல சன், மூன்ல ஹெச்எம்மையே தூக்கிட்டாங்க, ஹெல்மெட் மாட்டிக்கிட்டு ஒரு வாடக சாரிஸார்ட் மேல ஏறிப் போகலாம். சோர்ட், ஷீல்ட்ல கோர்விநைட்ங்கிற பறவை தூக்கிட்டுப் போற டாக்ஸி. வசதின்னு பாத்தா ஆயிரம் மடங்கு நல்லது, மறுக்க மாட்டேன். ஆனா ரூட் 1ல லெவல் 3ல பிடிச்ச பிட்ஜி, சண்டையில அடி வாங்கி அடி வாங்கி பிட்ஜியாட்டா வளந்து, அதே பறவை என்ன முதுகுல ஏத்திட்டுப் போச்சுங்கிற அந்த உறவு டாக்ஸில வரல. வானத்துல பறக்குற சுகத்துக்கு 2014ல வந்த ஒமேகா ரூபி, ஆல்ஃபா சஃபையர் மட்டும் தனி, மெகா லாட்டியோஸ் இல்லன்னா மெகா லாட்டியாஸ் மேல உக்காந்து ஹோயென் முழுக்க மேல இருந்தே சுத்திப் பாக்கலாம், கீழ ஊரெல்லாம் சின்னதா தெரியும்.

ஹெச்எம் போனதுக்கு அப்புறம் ஃப்ளை செத்துருச்சுன்னுதான் நானும் நினைச்சேன். 2019 நவம்பர்ல சோர்ட், ஷீல்ட் வந்துச்சு, போக்கிமான் கொஞ்ச நேரம் ராட்சச சைஸ்ல வளர்ற டைனமேக்ஸும் கூட வந்துச்சு. டைனமேக்ஸ் ஆனா ஃப்ளையிங் மூவ் எதுவா இருந்தாலும் மேக்ஸ் ஏர்ஸ்ட்ரீமா மாறும், ரெண்டு டர்ன் காத்திருக்க வேண்டியதே இல்ல, ஃப்ளையோட 90 அப்படியே 130 ஆகும், போதாததுக்கு நம்ம பக்கம் இருக்குற எல்லாருக்கும் ஸ்பீட் ஒரு படி ஏறும். லாண்டரஸ் மாதிரி முரட்டு அட்டாக்கருக்கு ஃப்ளைய குடுத்து போட்டில இறக்கினாங்க, கியாரடோஸுக்கு இதே மாதிரி ரெண்டு டர்ன் எடுக்குற பவுன்ஸ். இருபது வருஷத்துக்கு மேல யாரும் சீண்டாத மூவு உலக லெவல் டீம்ல எல்லாம் உக்காந்துருக்குறத பாத்தப்போ எனக்கு சொந்தக்காரப் பையன் பரீட்சைல பாஸான மாதிரி இருந்துச்சு. டைனமேக்ஸ் ஆகாம சாதாரணமா போட்டாலும் லாபம் உண்டு, எதிராளி டைனமேக்ஸ் மூணு டர்ன்தான் இருக்கும், நம்ம ஆளு மேல இருந்தா அதுல ஒரு டர்ன் நம்மள தொடாமலே போயிரும்.

மொத்தமா மார்க்குன்னா, ரெட், கோல்ட், ரூபி மாதிரி பழைய கேம்ல 10க்கு 9, பறவை ஒண்ண கட்டாயம் டீம்ல வச்சுக்கோங்க, சியான்வுட் போறதுக்கு முன்னாடியே வச்சுக்கோங்க. சோர்ட், ஷீல்ட்ல டைனமேக்ஸ் ஆடுறவங்களுக்கு 8. வயலட், ஸ்கார்லெட்ல டைனமேக்ஸும் இல்ல, பறக்க டாக்ஸியும் இருக்கு, அங்க மட்டும் வேற மூவ் பாத்துக்கோங்க.

அக்கா பையன் நேத்து சாயங்காலம் ஃபுயூஷியா வரைக்கும் போயிட்டான். மூவ் டிலீட்டர் வீட்டுக்குப் போனியாடான்னு கேட்டேன். "அவர் எதுக்கு மாமா, நான் சஃபாரி ஸோன் முடிச்சுட்டு செலடானுக்குப் பறக்கணும்"னான்.