பாறையில் பலகையா, அடிவாரத்தில் கல்லா?

நண்பன் ஒருவன் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பதினைந்து வருடமாக ஒன்றாக மலையேறிய ஆறு பேரில் அவன்தான் முதலில் போனான், அதுவும் மலையில் இல்லை, மருத்துவமனைக் கட்டிலில். மேற்குத் தொடர்ச்சி மலையில் அவனுக்குப் பிடித்த பாறை ஒன்று உண்டு. புல்வெளி முடிந்து சரிவு தொடங்கும் இடத்தில், இரண்டு பேர் உட்காரும் அளவுக்குத் தட்டையாக இருக்கும். அங்கே ஒரு கல்லைப் பதித்து அவன் பெயரைப் பொறிக்கலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை, நானும்தான். ஒன்றரை அடிக்கு ஒரு அடி, மெருகேற்றிய கருப்பு கிரானைட், வெள்ளை எழுத்து, நாலு மூலையிலும் துளை. விலைகூட விசாரித்துவிட்டோம். அப்புறம்தான் இது சரியா என்ற கேள்வி எனக்குள் வந்தது. அதிலிருந்து சில மாதங்கள் படித்ததையும் பேசியதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பலகையின் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். துக்கத்துக்குப் போய் நிற்க ஓர் இடம் வேண்டும். எரித்துச் சாம்பலை ஆற்றில் கரைத்துவிடுகிற குடும்பங்களுக்குக் கல்லறையும் கிடையாது. பெயரைக் கல்லில் வெட்டுவது நமக்குப் புதிதும் இல்லை. மலைக்கோயில் படிகளில் ஏறிப் பாருங்கள், படிக்குப் படி யாரோ ஒருவரின் நினைவாக என்று எழுதியிருக்கும், மிதிபட்டு மிதிபட்டு எழுத்து மழுங்கியிருக்கும். ஆனால் படி என்பது மனிதன் செதுக்கிப் போட்ட கல். நாங்கள் துளை போட நினைத்தது யாரும் இதுவரை கை வைக்காத பாறையில். இந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவே சில வாரம் ஆனது.

துளை போட்டால் என்ன ஆகும்? இரும்பு போல்ட் அடித்தால் மழையில் துருவேறும். துருவேறிய இரும்பு பருக்கும். அந்த அழுத்தத்தில் துளையைச் சுற்றிப் பாறை விரிசல் விடும். சிமெண்ட் பூசினால் அதிலிருந்து சுண்ணாம்பு கசிந்து சுற்றியிருக்கும் பாறையின் தன்மையையே மாற்றும். பாறை மேல் சாம்பலும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகப் படர்ந்திருக்கிறதே, அது அழுக்கு இல்லை, லைக்கன் என்ற உயிர். பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் அந்த இனம்தான். பாறையோடு ஒட்டி வளரும் வகைகளில் சில வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. பலகைக்காக ஒரு அடி இடத்தைச் சுரண்டினால், நம் தாத்தா காலத்துக்கு முன்பே படரத் தொடங்கியதைச் சுரண்டுகிறோம் என்று அர்த்தம். அதோடு, காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் இப்படி எதையும் பதிக்க முடியாது.

பலகை தனியாகவும் இருக்காது. முதல் வருட நினைவு நாளில் மாலை வரும், கற்பூரம் வரும், தண்ணீர் பாட்டில் வரும். பக்கத்துப் பாறையில் இன்னொருவர் தன் அப்பாவுக்கு ஒன்று வைப்பார், அவரைத் தப்பு சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கும்? பிரிட்டனின் மிக உயரமான மலையான பென் நெவிஸில் இதுதான் நடந்தது. 1,345 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த உச்சியில் பல வருடங்களாகத் தனியாட்கள் வைத்த நினைவுப் பலகைகள் சேர்ந்துகொண்டே போயின. 2000-இல் மலையை வாங்கிய ஜான் மியூர் அறக்கட்டளை 2006-இல் அவற்றை அகற்றும் வேலையில் இறங்கியது. கீழே பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே நினைவிடம் என்பது யோசனை. எடுத்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. இறந்தவர்கள் எல்லோரும் யாரோ ஒருவருக்கு வேண்டியவர்கள்தான் என்பதால்தான், யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்று உச்சியில் நின்று முடிவு செய்ய முடியவில்லை. சாம்பலை உச்சியில் தூவுவதைப் பற்றியும் ஸ்காட்லாந்து மலையேறிகளின் அமைப்பு கவலைப்பட்டது. சாம்பலில் பாஸ்பேட்டும் கால்சியமும் இருக்கிறது. சத்துக் குறைந்த மண்ணுக்கே பழகிய மலைச்செடிகளுக்கு அது உரமாக விழுந்து, அங்கே எது வளரும் எது வளராது என்பதையே மாற்றிவிடும்.

எதிர்ப்பக்கத்துக்கும் வலுவான உதாரணம் அங்கேயே இருக்கிறது. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் கிரேட் கேபிள் என்று ஒரு மலை. முதல் உலகப்போரில் இறந்த தங்கள் உறுப்பினர்களுக்காக அங்குள்ள மலையேறும் சங்கம் அதன் உச்சியில் ஒரு வெண்கலப் பலகையை 1924-இல் திறந்தது. வருடாவருடம் நவம்பரில், போரில் இறந்தவர்களை நினைக்கும் ஞாயிறன்று, குளிரிலும் மழையிலும் ஆட்கள் ஏறிப்போய் அங்கே கூடி மௌனமாக நிற்கிறார்கள். இதைப் படித்ததும் என் வாதம் ஆடிப்போனது உண்மை. ஆனால் அந்தச் சங்கம் செய்த முக்கியமான காரியம் பலகை இல்லை. சுற்றியுள்ள மலை நிலத்தை வாங்கி, எல்லோரும் நடக்கட்டும் என்று தேசிய அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்கள். அதாவது மலையே நினைவுச்சின்னம், பலகை அதைச் சொல்லும் குறிப்பு மட்டும். நிலத்தைக் கொடுத்தவர்கள் ஒரு பலகை வைப்பதும், எதுவும் கொடுக்காத நாங்கள் வைப்பதும் ஒன்றாகுமா?

எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகும் வழியில் துக்ளா கணவாயில் இருக்கும் நினைவுக் கற்குவியல்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அவை பெரும்பாலும் அந்த மலையிலேயே செத்தவர்களுக்காக வைத்தவை, பலரின் உடலைக்கூடக் கீழே கொண்டுவர முடியவில்லை. அங்கே கிடக்கும் கல்லையே அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

'நம்ம ஊர் நடுகல் மட்டும் என்னவாம்?' என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்களில் தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழி இருக்கிறது, அதில் ஒன்று கூடலூரில் ஆநிரை கவர்ந்த சண்டையைச் சொல்கிறது. இரண்டாயிரம் வருடமாக நாம் செய்துவந்ததைத்தானே செய்கிறோம் என்பது அவர் வாதம். ஆனால் நடுகல் யாருக்கு? ஊருக்காக, ஊரின் மாட்டுக்காக உயிர் விட்டவனுக்கு. கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. ஒரு ஊரே கூடிச் செய்த காரியம் அது. செங்கம், தருமபுரிப் பக்கம் இன்றைக்கும் சில நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். பெயர் மறந்துபோன வீரனுக்குப் பொங்கல் வைக்க ஆள் இருக்கிறது. எங்கள் பாறையில் பலகை வைத்தால் பத்து வருடம் கழித்து அதற்கு யார் இருப்பார்கள்? எங்களுக்கே முட்டி வலிக்கத் தொடங்கிவிட்டது.

சரி, பலகை வேண்டாம், மரம் நடலாமே? எல்லோருக்கும் உடனே பிடித்துப்போகும் யோசனை இது. இதைத்தான் நான் ரொம்ப பயத்தோடு பார்க்கிறேன். நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்காடு பள்ளங்களில் இருக்கும், மேடெல்லாம் புல்வெளி. அந்தப் புல்லையும் அதன் அடியில் இருக்கும் மண்ணையும் நம்பித்தான் ஓடைகள் வற்றாமல் இருக்கின்றன. சும்மா கிடக்கும் நிலம் என்று நினைத்து அதில் தைலமரமும் சீகை (வாட்டில்) மரமும் நட்டதால் எவ்வளவு புல்வெளி போனது என்று மலைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். சீகையின் விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும், வெட்ட வெட்ட முளைக்கும். அப்படிப்பட்ட புல்வெளியில் நினைவாக நடும் ஒரு மரம், பலகையைவிடக் கெடுதல். பலகையை ஒரு நாள் பெயர்த்தெடுத்துவிடலாம்.

மரமே நினைவுச்சின்னமான இடம் ஒன்று உண்டு, ஆனைமலையில் டாப்ஸ்லிப். வெட்டிய தேக்குகளை அங்கிருந்து சரிவில் உருட்டிவிட்டதால் வந்த பெயர் அது. காடு மொட்டையாகிக்கொண்டிருந்த காலத்தில் வன அதிகாரியாக வந்த ஹியூகோ வுட், தேக்கை அடியோடு தோண்டாமல் வெட்டி, அடிக்கட்டை மறுபடி துளிர்க்க விடும் முறையைக் கொண்டுவந்தார். சட்டைப்பையில் விதையை நிரப்பிக்கொண்டு, கைத்தடியால் மண்ணில் குத்திக் குத்தி விதை போட்டுக்கொண்டே நடப்பார் என்று இன்றும் அங்கே சொல்கிறார்கள். 1933-இல் இறந்தவரை அந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே புதைத்திருக்கிறார்கள். கல்லறையில் லத்தீனில் ஒரு வரி: என் நினைவுச்சின்னத்தைத் தேடுகிறாய் என்றால் சுற்றிலும் பார். லண்டன் புனித பால் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னின் கல்லறையில் இருக்கும் அதே வரிதான். ஆனால் இங்கே தலையைத் தூக்கினால் தெரிவது கூரை இல்லை, முறம் போன்ற தேக்கிலைகளும் அவற்றின் ஓட்டை வழியே இறங்கும் வெயிலும். தேக்குத் தோட்டம் முழுமையான காடு ஆகாது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் காட்டுக்குள் பெயர் பொறிக்கும் தகுதி யாருக்கு என்று கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன், அந்த அளவுகோலில் என் நண்பனும் நானும் எங்கேயும் வர மாட்டோம்.

இத்தனை யோசனைகளையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவைத்தவர் அவன் அம்மா. பலகை விஷயத்தைச் சொல்லப் போயிருந்தோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'அவ்வளவு ஒசரம் நான் எப்படிப்பா ஏறி வந்து பாக்குறது?' என்றார். எங்கள் ஐந்து பேருக்கும் அது தோன்றவே இல்லை. நாங்கள் எங்களுக்காகத்தான் அந்தப் பாறையைத் தேர்ந்தெடுத்திருந்தோம்.

அப்போது நினைவுக்கு வந்ததுதான் சுமைதாங்கிக் கல். பழைய பாதையோரங்களில் பார்த்திருப்பீர்கள்: இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு கல், தோள் உயரத்துக்கு. தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் அதன் மேல் இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அதை வைப்பது வழக்கம். என்ன ஒரு மனசு இருந்தால் இப்படி யோசித்திருப்பார்கள்! இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, இருக்கிறவர்களின் சுமையை இறக்கிவைக்க ஓர் இடம். காட்டுக்குள் இல்லை, உச்சியில் இல்லை, ஆள் நடக்கும் வழியில்.

பாறையை விட்டுவிட்டோம். அடிவார ஊரில், முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் புளியமரத்தடியில், ஊர்க்காரர்களைக் கேட்டு ஒரு கல்பெஞ்சு போட்டோம். உள்ளூர்க் கல், மெருகு இல்லை. பெயர் பின்பக்கம் சின்னதாக இருக்கிறது, உட்கார்ந்தால் தெரியாது. திறந்த அன்று அவன் அம்மா பஸ்ஸில் வந்து இறங்கி நேராக அதில்தான் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் புல்லுக்கட்டோடு வந்த ஒரு அக்கா பக்கத்தில் கட்டை இறக்கிவைத்துவிட்டு, 'தள்ளி உக்காருங்கம்மா' என்றார். அவரும் தள்ளி உட்கார்ந்தார்.