லினக்ஸின் வள வரம்புகள்: யூலிமிட், பிஆர்லிமிட் கட்டளைகள் பற்றிய மதிப்பீடு

பலர் பகிர்ந்துகொள்ளும் சர்வரில் நீண்ட கணக்கீடுகளை ஓட்டுவோருக்கு லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வள வரம்பு வசதி பெரிதும் பயன்படுகிறது; ஒரு நிரல் எவ்வளவு சிபியூ நேரம், நினைவகம், கோப்பளவு எடுக்கலாம் என்பதை அது கட்டுப்படுத்துகிறது. எல்லை மீறும் நிரலுக்கு முதலில் எச்சரிக்கை தருவதே அதில் நான் மிகவும் மதிக்கும் அம்சம்.

சிபியூ நேரத்துக்கு மென்வரம்பு, கடுவரம்பு என இரண்டு உண்டு. மென்வரம்பை எட்டியதும் கெர்னல் சிக்எக்ஸ்சிபியூ (SIGXCPU) என்ற சிக்னலை, அதாவது நிரலுக்கான அறிவிப்பை, அனுப்புகிறது; நிரல் அதைக் கையாண்டு தொடர்ந்து ஓடினால், செலவாகும் ஒவ்வொரு சிபியூ நொடிக்கும் அதையே மீண்டும் அனுப்பி, கடுவரம்பில்தான் நிரலைக் கொல்லும், தடுக்கவே முடியாத சிக்கில் (SIGKILL) சிக்னலை ஏவுகிறது. இந்த இடைவெளியில், அதுவரை கிடைத்த விடைகளை வட்டில் எழுதிவிட்டு நிரல் முறையாக வெளியேறலாம். சிபியூவில் ஓடிய நேரம் மட்டுமே கணக்கில் சேர்வதால், தரவுக்காகக் காத்திருக்கும் நிரல் வீணாகப் பலியாவதில்லை.

இத்தனை கவனமான ஏற்பாட்டை பாஷ் ஷெல்லில் (கட்டளைகளை ஏற்று இயக்கும் நிரல்) வரம்புகளை வைக்கும் யூலிமிட் கட்டளை கெடுத்துவிடுகிறது என்பதே என் முதன்மையான குறை. தனியாகக் குறிப்பிடாவிட்டால் அது இரு வரம்புகளையும் ஒரே எண்ணில் வைக்கிறது. கெர்னல் கடுவரம்பையே முதலில் சோதிப்பதால், எச்சரிக்கை ஏதுமின்றி நிரல் கொல்லப்படுகிறது. ஷெல்லில் சிக்எக்ஸ்சிபியூவைக் குறிக்கும் 152 என்று வரவேண்டிய முடிவுக் குறியீடு, சிக்கில்லைக் குறிக்கும் 137 என்று வருவதாலும், நினைவகம் தீர்ந்தாலும் கெர்னல் அதே சிக்கில்லை அனுப்புவதாலும், நினைவகம் தீர்ந்துபோனதோ என்று தேடி ஒரு பகல் முழுவதும் வீணாகக்கூடும். மென்வரம்பு 60 நொடி, கடுவரம்பு 70 நொடி என்று ஒரே வரியில் பிரித்துத் தர முடிவதாலும், ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறைக்கும் வரம்பை மாற்ற முடிவதாலும், பிஆர்லிமிட் கட்டளையையே பரிந்துரைக்கிறேன்.

கோப்பின் அளவு வரம்பை மீறினால் சிக்எக்ஸ்எஃப்எஸ்இசட் (SIGXFSZ) சிக்னல் வருகிறது. பைத்தான் அதைப் புறக்கணித்துவிடுவதால், அங்கே எழுதும் அழைப்பு பிழையாகத் திரும்புகிறது, அதுவும் போதுமானதே.

நினைவக வரம்பில் இந்தக் கனிவு இல்லை. முகவரிப் பரப்பின் (நிரல் பயன்படுத்தக்கூடிய மொத்த நினைவக முகவரிகள்) எல்லையில் நினைவகக் கோரிக்கை தோற்கிறதே தவிர, அதற்கெனத் தனிச் சிக்னல் கிடையாது. ஸ்டேக் (செயற்கூறு அழைப்புகளுக்கான நினைவகப் பகுதி) நிரம்பினால் வரும் சிக்செக்வி (SIGSEGV) சிக்னல், சாதாரண நிரல் பிழைக்கும் வருவதுதான். மேலும், சிபியூ கணக்கு செயல்முறைக்குச் செயல்முறை தனியானது. ஃபோர்க் மூலம், அதாவது ஒரு செயல்முறை தன்னை நகலெடுத்து, உருவாக்கும் ஒவ்வொரு பிள்ளைச் செயல்முறையும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது. ஆகவே நம்பத்தகாத நிரல்களை ஓட்டும் நிரலாக்கப் போட்டித் தளங்களுக்கு இந்த வசதி மட்டும் போதாது; பல செயல்முறைகளின் வளங்களை ஒரே குழுவாகக் கட்டுப்படுத்தும் சிகுரூப் (cgroup) என்ற கெர்னல் வசதியையும் சேர்த்தே அமைக்க வேண்டும்.