ஐந்து நாள் ஸ்ப்ளிட்டா, மூன்று நாள் ஃபுல் பாடியா? தவறிய நாளை வைத்து ஒரு கணக்கு

ஜிம்மில் எடை தூக்கும் பயிற்சியை ஒரு வருடம் நான்கு மாதம், வாரம் ஐந்து நாள் ஸ்ப்ளிட்டாகச் செய்தேன். அப்புறம் மாறி, இப்போது இரண்டு வருடமாக வாரம் மூன்றே நாள், ஒவ்வொரு நாளும் முழு உடலுக்கும். இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள், நான் மூன்று நாள் கட்சி.

ஸ்ப்ளிட் என்றால் தெரிந்ததுதான். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கை, வெள்ளி கால். ஒரு நாளைக்கு ஒரு பகுதியைப் பிழிந்து எடுத்துவிட்டு அடுத்த வாரம்தான் திரும்பி வருவோம். ஃபுல் பாடியில் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஒரு ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது) வகை, ஒரு டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) வகை, தள்ளுவதற்கு ஒன்று, இழுப்பதற்கு ஒன்று, கடைசியில் வயிற்றுக்கோ கைக்கோ ஏதாவது ஒன்று. அவ்வளவுதான்.

எந்தப் பக்கம் போனாலும் மாறாத விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். உடல் இளைப்பது சாப்பாட்டுக் கணக்கில்தான் நடக்கிறது. செலவாவதைவிடக் கொஞ்சம் குறைவாக உள்ளே போக வேண்டும். எடை தூக்குவதன் வேலை, அப்படி இளைக்கும்போது கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைந்துவிடாமல் பிடித்து வைப்பது. ‘தசை ஏறினால் சும்மா உட்கார்ந்திருந்தாலே கொழுப்பு எரியும்’ என்று ஜிம்மில் அடிக்கடி கேட்கலாம். ஒரு கிலோ தசை ஓய்வில் ஒரு நாளைக்கு எரிப்பது ஏறக்குறைய 13 கலோரி. இரண்டு கிலோ தசை ஏற்ற நாக்குத் தள்ளிவிடும், அதற்குக் கிடைப்பது இந்த 26 கலோரி. புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் இருந்தால் போதும், தூக்கத்தில் கை வைக்கக் கூடாது, தூக்கும் எடையை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இதெல்லாம் இரண்டு முறைக்கும் பொது.

காகிதத்தில் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட சமம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். உடற்பயிற்சி ஆய்வாளர் பிராட் ஷோன்ஃபெல்ட் குழுவினர் 2016இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரு தசைக்கு வாரம் ஒரு முறையைவிட இரண்டு முறை பயிற்சி கொடுப்பது நல்லது என்று வந்தது. ஃபுல் பாடி கட்சிக்காரர்கள் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினோம். 2019இல் அவர்களே இன்னும் அதிக ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வாரத்தின் மொத்த செட் (ஓய்வெடுக்காமல் தொடர்ந்து சில முறை தூக்கும் ஒரு சுற்று) எண்ணிக்கை ஒன்றாக இருந்தால், அதை ஒரே நாளில் செய்தாலும் பிரித்துச் செய்தாலும் தசை வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை என்று வந்தது. ஆக, நெஞ்சுக்குத் திங்களன்று 12 செட் போடுபவரும், மூன்று நாளும் நான்கு நான்காகப் போடுபவரும் ஒரே இடத்தில்தான் போய் நிற்பார்கள்.

எல்லா நாளும் வந்தால். என் கேஸ் முழுக்க இந்த ஒரு நிபந்தனையின் மேல்தான் நிற்கிறது.

ஸ்ப்ளிட் செய்த காலத்தில் ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்து வைத்தேன். விடும்போது உட்கார்ந்து எண்ணினேன். ஐந்து நாளும் முழுதாகப் போன வாரங்கள் நான்கில் ஒன்றுகூட இல்லை. சோம்பல் மட்டும் காரணம் இல்லை. வேலை, காய்ச்சல், விருந்தாளி, பயணம் என்று எல்லோருக்கும் வருவதுதான். எண்ணும்போது உறைத்தது வேறு விஷயம். தவறிய நாட்களில் பாதிக்கு மேல் வெள்ளி. வெள்ளி என்றால் கால். வார இறுதியின் களைப்பும், காலுக்கு எடை தூக்குவது கொடுமை என்ற மனக்கணக்கும் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. ஒரு வெள்ளியைத் தவறவிட்டால் காலுக்கு அந்த வாரம் பூஜ்யம் செட். முந்தைய வெள்ளியிலிருந்து அடுத்த வெள்ளி வரை 14 நாள் இடைவெளி. அத்தனை நாள் கழித்து ஸ்குவாட் செய்தால் மறுநாள் படி இறங்க முடியாது. அந்த வலியை நினைத்தே அடுத்த வெள்ளிக்கும் ஒரு சாக்கு பிறக்கும். இப்படித்தான் மேலே ஆளும் கீழே கொக்குமாக ஒரு உருவம் தயாரானது.

இதே கணக்கை மூன்று நாளில் போட்டுப் பாருங்கள். வெள்ளி தவறினால் புதனுக்கும் திங்களுக்கும் நடுவே ஐந்து நாள். அந்த வாரம் காலுக்கு 12க்குப் பதில் 8 செட், நெஞ்சுக்கும் 8, முதுகுக்கும் 8. எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் குறையுமே தவிர, எதுவும் பட்டினி கிடக்காது.

இரண்டு நாள் தவறி ஒரே நாள்தான் போக முடிந்தது என்றால்? அங்கேதான் வித்தியாசம் இன்னும் பெரிதாகிறது. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 16 வாரம் ஒழுங்காகக் காலுக்குப் பயிற்சி செய்தவர்களின் அளவை அதன்பின் வெட்டினார்கள். ஒரு பிரிவினருக்கு ஒன்பதில் ஒரு பங்குதான், அதாவது வாரம் ஒரே நாள், ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரே செட். அப்படியும் 20 முதல் 35 வயதுக்காரர்கள் 32 வாரம் வரை தசை அளவை இழக்கவில்லை. (60 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த அளவு போதவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) இருப்பதைக் காப்பாற்ற வாரம் ஒரு நாள் போதும், ஆனால் அந்த ஒரு நாளில் முழு உடலும் வேலை செய்திருக்க வேண்டும். ஸ்ப்ளிட்டில் ஒரே நாள் போனால் நெஞ்சு மட்டும் காப்பாற்றப்படும்.

அப்புறம் மனசு. ஐந்து நாள் திட்டத்தில் ஒரு நாள் விட்டால் கடன் விழுந்த மாதிரி இருக்கும். அதை அடைக்கச் சனிக்கிழமை தோளையும் காலையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் அடித்து, ஞாயிறு முழுக்கப் படுத்து, திங்கள் போகப் பிடிக்காமல் இன்னொரு கடன். எனக்கு மூன்று முறை இந்தச் சுழலில் மாட்டி, மூன்று முறையும் இரண்டு மூன்று வாரம் ஜிம் பக்கமே போகாமல் முடிந்தது. ஆரம்ப சூரத்தனத்துக்கு ஐந்து நாள் திட்டம் மாதிரி தீனி வேறு இல்லை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் செய்து 2010இல் அச்சான ஆய்வில், ஒரு புதிய செயல் பழக்கமாவதற்கு நடுவாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகக் கெடுக்கவில்லை என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த பகுதி. ஆனால் தவறிய நாளைப் பதறாமல் கடந்துபோகத் திட்டமும் இடம் கொடுக்க வேண்டுமே. மூன்று நாள் திட்டத்தில் திங்கள் விட்டால் செவ்வாய் போகலாம், வியாழன், சனி என்று நகர்த்தலாம். வாரத்தில் நான்கு காலி நாள் இருக்கிறது.

சரி, ஸ்ப்ளிட்டுக்கு நல்லது எதுவுமே இல்லையா? இருக்கிறது. முக்கால் மணி நேரத்தில் வேலை முடியும். ஃபுல் பாடி நாளில் 20 செட், நடுவே இரண்டிரண்டு நிமிடம் ஓய்வு என்று வைத்தால் வார்ம்-அப்போடு ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். கடைசியில் வரும் பயிற்சிக்கு உடம்பில் மிச்சம் எதுவும் இருக்காது. என் தோள் அப்படித்தான் பின்தங்கியது. இப்போது வரிசையை நாளுக்கு நாள் மாற்றிப் போடுகிறேன். கை நாள் முடிந்து கண்ணாடியில் பார்க்கும் அந்தப் பூரிப்பும் இங்கே கிடைக்காது. அது சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன், பல பேர் ஜிம்முக்குத் திரும்பி வருவதே அதற்காகத்தான்.

கிழமையைக் கட்டிக்கொண்டு அழாமல், தவறிய இடத்திலிருந்து வரிசையாகத் தொடர்ந்தால் ஸ்ப்ளிட்டின் பெரிய குறை சரியாகிவிடும் என்பார்கள். நியாயமான வாதம். நான் அதை ஐந்து வாரம்தான் முயன்றேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியல்ல. மேலுடம்பு, கீழுடம்பு என்று நான்கு நாளாகப் பிரிப்பதை நான் செய்ததே இல்லை, ஆனால் ஃபுல் பாடி நாள் மிக நீண்டுபோகிறவர்களுக்கு அது பொருந்தும் என்று தோன்றுகிறது. தன் உடல் எடையைப் போல இரண்டு மடங்கு ஸ்குவாட் செய்பவர்களுக்கு வாரம் மூன்று முறை அதைத் தாங்குமா என்பதும் என் அனுபவத்துக்கு வெளியே உள்ள விஷயம். நான் இன்னும் ஒன்றரை மடங்கிலேயே தடுமாறிக்கொண்டிருக்கிறேன்.

என் உடம்பில் என்ன மாறியது என்று கேட்டால், மாறிய முதல் ஆறு மாதத்தில் எடை இரண்டு கிலோதான் குறைந்தது. இடுப்பளவு ஏழு சென்டிமீட்டர் குறைந்தது. எல்லாப் புகழையும் ஃபுல் பாடிக்கே கொடுக்க முடியாது, அதே சமயத்தில்தான் இரவுச் சாப்பாட்டையும் ஒழுங்குபடுத்தினேன். ஆனால் இந்த இரண்டு வருட நோட்டில் ஒரு நாள்கூடப் போகாத வாரம் மொத்தம் நான்கு. அதில் இரண்டு காய்ச்சல். வெள்ளிக்கிழமை கடைசியில் மட்டும் கைக்கு மூன்று செட் திருட்டுத்தனமாகச் சேர்த்துக்கொள்கிறேன், அந்தப் பூரிப்பை இன்னும் விட முடியவில்லை.