கோதையாற்று மலையில் டிரவுட் மீன் பிடிக்கக் கூப்பிடுகிறார்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் "மலை டிரவுட் முகாம்" என்று விளம்பரம் பார்த்து யாராவது முன்பணம் கட்டப் போகிறீர்களா? நான் கட்டியது 20,000 ரூபாய். கிடைத்தது ஆறு சிலேபி மீன்.

தங்கச்சி மாப்பிள்ளை நியூசிலாந்திலிருந்து லீவுக்கு வந்திருந்தான். அங்கே டிரவுட் பிடித்துப் பழகியவன். "அத்தான், நம்ம மலையிலயும் டிரவுட் இருக்காம் பாருங்க" என்று போனை நீட்டினான். படத்தில் பைன் மரக்காடு, பனிமூட்டம், ஒருவன் கையில் உடம்பெல்லாம் புள்ளியும் விலாவில் இளஞ்சிவப்புப் பட்டையுமாக ஒரு மீன். கீழே கோதையாறு, பேச்சிப்பாறை என்று நம்ம ஊர்ப் பெயர்கள். இரண்டு பகல் ஒரு இரவு. தூண்டில், சாப்பாடு, வனத்துறை அனுமதி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 6,500. நாங்கள் ஐந்து பேர்.

முகாம் நடத்துகிறவனிடம் போனில் அனுமதிச் சீட்டைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் நம்ம ஆளுவதான் சார், ஒரு போன் அடிச்சா போதும்" என்றான். அந்த இடத்திலேயே நான் போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. மாப்பிள்ளை முன்னால் கஞ்சனாகத் தெரியக் கூடாதே என்ற வீம்பு, அதுதான் உண்மை.

போன மே மாதம், விடியற்காலம் கிளம்பினோம். பேச்சிப்பாறை தாண்டி வனத்துறைச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். அந்த மலைக்காடு 2008-லேயே வனவுயிரினச் சரணாலயம் ஆகிவிட்டது. அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதே 1972 சட்டப்படி குற்றம். காவலர் பொறுமையாகத்தான் கேட்டார்: "யாருட்ட கேட்டுட்டு வந்திய?" கூட்டிவந்தவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் அங்குமிங்கும் நடந்தான். மறுமுனையில் யாரும் இருந்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

பிறகு "அதைவிட நல்ல ஸ்பாட் இருக்கு" என்று திருப்பிக் கூட்டிப்போனது ஒரு ரப்பர் தோட்டத்துக்குள். பச்சைப் பாசி மிதக்கும் குளம். மூங்கில் கம்பில் நைலான் கயிறு, சிரட்டையில் மண்புழு. ராத்திரி படுக்கை ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகையில். அந்தப் புகைநாற்றம் சட்டையைவிட்டுப் போக ரெண்டு துவைப்பு ஆயிற்று. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் மட்டும் அருமை, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. சமைத்த அண்ணனுக்கும் போன மாசத்துச் சம்பளம் பாக்கியாம்.

சாயங்காலம் முதல் மீன் மாட்டியதும் கூட்டிவந்தவன் "டிரவுட் சார்!" என்று கத்தினான். மாப்பிள்ளை மீனைத் திருப்பிப் பார்த்தான். டிரவுட்டுக்கு முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் முள்ளில்லாத குட்டிச் சதைத் துடுப்பு ஒன்று இருக்கும். இதற்கு முதுகு நெடுக முள். "இது திலாப்பியா" என்றான், அதாவது நம்ம சிலேபி. "இங்க உள்ள டிரவுட் இப்படித்தான் சார் இருக்கும்" என்று பதில் வந்தது, கண் இமைக்காமல்.

வீட்டில் அம்மா பையைத் திறந்து பார்த்தாள். மீன்பிடி ஊரான குளச்சல்காரி. "சிலேபியக் குடுத்துட்டு டிரவுட்டுன்னவன், சாளையக் குடுத்துட்டு நெய்மீன்னும் சொல்லுவான். நீயும் வாங்கிட்டு வருவ" என்றாள்.

கொஞ்சம் யோசித்திருந்தால் வீட்டிலிருந்தே பிடிபட்டிருக்கும். டிரவுட் குளிர்ந்த, ஓடுகிற தண்ணீர் மீன். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் திணறல். மே மாதம் திற்பரப்பு அருவியில் குளித்தவர்களுக்குத் தெரியும், சுகமான குளிர்ச்சிதான், பல் ஒன்றும் கிட்டாது. தென்னிந்தியாவில் டிரவுட் என்றால் நீலகிரியும் மூணாறும்தான். அதுவும் சொந்த மீனில்லை, வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. நீலகிரியின் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் தொடங்கியது 1907-ல். அந்த ஓடைகள் கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரத்தில் ஓடுபவை. நம்ம பக்கத்து மகேந்திரகிரியின் உச்சியே 1,650 மீட்டர் சுமார். நீலகிரிக்கோ மூணாறுக்கோ போவதானாலும் மீன்வளத்துறையிடமும் வனத்துறையிடமும் நீங்களே நேரில் கேட்டு, சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு போங்கள்.

மீதிப் பணத்தை நான் கொடுக்கவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு 4,000 அனுப்பிவிட்டு நம்பரை பிளாக் செய்துவிட்டான். இணைய மோசடிப் புகாருக்கான 1930-க்கு அடித்துப் புகார் பதிந்தேன். ஸ்டேஷனிலோ, "கூட்டிட்டுப் போயிருக்கான், சோறு போட்டிருக்கான், நுகர்வோர் கோர்ட்டுக்குப் போங்க" என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் கேட்டேன், வழி சொன்னார்கள். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பணம் அனுப்பிய ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பேசிய வாட்ஸ்அப் எல்லாம் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். அவன் அழித்துவிடுவதற்கு முன் எடுத்துவைத்தது நல்லதாய்ப் போயிற்று.

நேற்று மாப்பிள்ளை நியூசிலாந்திலிருந்து ஒரு புது விளம்பரத்தின் படம் அனுப்பினான். அதே பைன் காடு, அதே கை, அதே மீன். முகாமின் பெயர் மட்டும் வேறு, ஆளுக்கு 7,500 ஆக்கியிருக்கிறான் அந்த ஆள்.